இவ்ரேயா நகர் ஈந்த சிறு பலகை

உள்ளங்கையில் அடங்கத்தக்க நீலநிறப் பலகையொன்று இன்று உலகெங்கும் மாணாக்கரின் மேசைகளிலே காணப்படுகின்றது. அதன் நடுவே கரிய சில்லொன்று; ஓரங்களிலே கம்பி செருகுதற்கான துளைகள். அதனைக்கொண்டு ஒருவன் செடிக்கு வேளையறிந்து நீர் விடும் கருவி செய்கின்றான். மற்றொருவன் அறையின் வெப்பத்தை அளந்து குறிக்கின்றான். ஒரு சிறுமி, கைதட்டினால் ஒளிவிடும் விளக்கை அமைக்கின்றாள். ஆர்டுயினோ என வழங்கும் இப்பலகை எங்கே பிறந்தது, எவரெவர் உழைப்பினாற் பிறந்தது, எக்காரணத்தால் இத்துணைப் பரந்தது என்பனவற்றை அறிந்தோர் சிலரே. அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். அது ஒரு பொறியின் வரலாறு மாத்திரமன்று; கற்றதைப் பூட்டி வைப்பதா, பிறர்க்கு ஈவதா என்னும் வினாவுக்கு விடை கண்ட சிலரின் வரலாறுமாகும்.

முதலிலே சில்லின் கதையைக் கூறுவாம். 1971ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்காவின் இன்ரெல் நிறுவனம் 4004 என்னும் சில்லை விற்பனைக்கு வெளியிட்டது. யப்பானிய நிறுவனமொன்றின் கணக்குப்பொறிக்கென முதலில் வகுக்கப்பட்ட அச்சில்லிலே, ஏறக்குறைய 2,300 திரான்சிற்றர்கள் ஒரு சிறு சிலிக்கன் துண்டில் அடக்கப்பட்டிருந்தன. அதனை ஆக்கியோருள் ஒருவரான பெடரிக்கோ பஜின் இத்தாலியர். இளமையிலே ஒலிவெற்றி என்னும் இத்தாலிய நிறுவனத்திற் பணிபுரிந்தவர். ஒலிவெற்றி என்னும் இப்பெயரை வாசகர் நினைவிற் கொள்க. அது பின்னரும் வரும்.

4004 கணிக்கும் உறுப்பு மாத்திரமே. நினைவகம் முதலிய ஏனைய உறுப்புக்கள் வேறு சில்லுகளில் இருந்தன. அவை யாவற்றையும் ஒரே சில்லில் ஒடுக்குதல் அடுத்த படியாயிற்று. ரெக்சாஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் நிறுவனத்தின் ரீ.எம்.எஸ். 1000 என்பது 1974இலும், இன்ரெல்லின் 8048 என்பது 1976இலும், 8051 என்பது 1980இலும் வெளிவந்தன. ஒரு வேலையை ஏற்று, அதனையே இடையறாது செய்யும் இத்தகைய சில்லுகளையே நுண்கட்டுப்படுத்திகள் என்கிறோம்.

தொழிற்சாலைகளுக்கு இவை பெரும் பேறாயின. ஆயின், வீட்டின் ஒரு மூலையிலே ஈயப் பற்றாசும் தடையிகளும் வைத்துக்கொண்டு பொழுதுபோக்காகக் கருவி செய்வோனுக்கு அவை எளிதில் எட்டவில்லை. செய்நிரலைச் சில்லின் சொந்தக் குறிமொழியில் எழுதவேண்டும். எழுதியதைச் சில்லிற் பதிப்பதற்குத் தனிப்பொறி வேண்டும். ஒரு பிழை நேர்ந்தாலோ, சில்லின் முதுகிலுள்ள கண்ணாடிச் சாளரத்தின் வழியே ஊதாக்கடந்த ஒளியைப் பல நிமிடம் பாய்ச்சிப் பழைய செய்நிரலை அழித்த பின்னரே மீண்டும் எழுதலாகும். 1992இல் அமெரிக்காவின் பரலக்ஸ் நிறுவனம் வெளியிட்ட பேசிக் ஸ்ராம்ப் இத்துன்பத்தைப் பெரிதும் குறைத்தது. எனினும், அதன் விலை மாணாக்கரின் கைக்கு அடங்கவில்லை. நோர்வே நாட்டின் துரொண்ட்ஹைம் நகரிலே, அல்ப் எகில் போகன், வேகார்ட் வொல்லன் என்னும் மாணவர் இருவரின் கருத்திலிருந்து ஏ.வி.ஆர். என்னும் சில்லினம் தோன்றிற்று. 1990களின் பிற்பகுதியில் அற்மெல் நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொணர்ந்தது. எழுதிய செய்நிரலை மின்னாலேயே அழித்து மீண்டும் மீண்டும் எழுதுதல் அதில் எளிதாயிற்று. நல்ல சில்லு கிடைத்துவிட்டது. அதனை எளியோர்க்குக் கொண்டு சேர்ப்போர் இன்னும் தோன்றவில்லை.

இனி இத்தாலிக்குச் செல்வோம். தூரின் நகருக்கு வடக்கே, டோரா பல்த்தேயா ஆற்றின் கரையில் இவ்ரேயா என்னும் சிறு நகர் உளது. கமில்லோ ஒலிவெற்றி என்பார் 1908இல் தட்டெழுத்துப் பொறி செய்யும் தொழிலை ஆங்கே தொடங்கினார். 1965இலே புறோகிராமா 101 என்னும் மேசைக் கணிப்பொறியை உலகுக்குக் காட்டியதும் அந்நிறுவனமே. அதன் பெருமை குன்றிய காலத்தில், 2001ஆம் ஆண்டளவில், இடைவினை வடிவமைப்பைக் கற்பிக்கும் நிறுவகமொன்று அந்நகரில் எழுந்தது. ஆங்குப் பயின்றோருட் பலர் பொறியியலாளரல்லர். ஓவியமும் வடிவமைப்பும் கற்றவர். அவர்க்கு இலத்திரனியலை எவ்வாறு கற்பிப்பது என்பதே ஆசிரியரான மசிமோ பான்சியின் கவலை.

கொலம்பியா நாட்டிலிருந்து வந்து ஆங்குப் பயின்ற ஏர்னாண்டோ பராகான் என்னும் மாணவர் இதற்கு வழி கண்டார். பான்சியும் கேசி றியாசும் வழிகாட்ட, 2003இல் அவர் தொடங்கிய ஆய்வின் பயனே வயறிங் என்னும் பலகையும் அதற்குரிய மென்பொருளும் ஆகும். இன்ன முனையில் மின்னை விடு, ஆயிரம் மில்லிசெக்கன் பொறு, பின்பு மின்னை நிறுத்து என்னும் எளிய கட்டளைகளை எழுதிப் பொத்தானொன்றை அழுத்தினாற் போதும், செய்நிரல் சில்லினுட் புகுந்துவிடும், விளக்கு மினுங்கும். இலத்திரனியலைக் கண்டு அஞ்சிய மாணவனின் அச்சம் அந்த முதல் மினுங்கலிலேயே நீங்கிவிடும்.

2005ஆம் ஆண்டிலே பான்சி, டேவிட் குவார்த்தியேயஸ், டேவிட் மெலிஸ் ஆகியோர் வயறிங்கை அடியாகக் கொண்டு, விலை குறைந்த அற்மெகா 8 என்னும் சில்லுக்கேற்பப் புதிய பலகையொன்றை உருவாக்கினர். ரொம் ஐகோ, ஜான்லூக்கா மார்த்தினோ என்போரும் இம்முயற்சியிற் சேர்ந்தனர். மாணவன் ஒருவன் வெளியே சென்று ஒருவேளை உணவுண்ணும் செலவுக்குப் பலகையின் விலை மேற்படலாகாது என்பது அவர் கொண்ட உறுதி. 1002ஆம் ஆண்டு முதல் 1014 வரை இத்தாலியின் அரசனென விளங்கிய ஆர்டுயின் என்பானின் பெயரைத் தாங்கிய சிற்றுண்டிச்சாலை ஒன்று அந்நகரில் இருந்தது. அவர்கள் வழக்கமாகக் கூடிய அவ்விடத்தின் பெயரே பலகைக்கும் ஆயிற்று.

இவ்வேளையிலே இடர் ஒன்று நேர்ந்தது. இவ்ரேயாவிலிருந்த அந்நிறுவகம் மூடப்படும் நிலையை அடைந்தது. கல்லூரியோடு அதில் விளைந்த உழைப்பும் மறைந்துவிடுமோ என ஆசிரியர் அஞ்சினர். அவர் கண்ட வழி யாது? பூட்டுவதன்று, திறந்துவிடுவதே. பலகையின் வரைபடங்களை யாவர்க்கும் பொதுவாக்கினர். எவரும் அதனைப் பார்த்துச் செய்யலாம், திருத்தலாம், விற்கவுஞ் செய்யலாம், திருத்தியோர் தம் திருத்தத்தையும் அவ்வாறே பொதுவாக்குதல் வேண்டும். ஆர்டுயினோ என்னும் பெயரை மட்டுமே தமக்கென வைத்துக்கொண்டனர்.

முதலில் வெறும் பலகைகள் 300 அச்சிடப்பட்டு மாணாக்கர்க்கு வழங்கப்பட்டன. உறுப்புக்களைத் தாமே பற்றவைத்து ஏதேனும் ஒன்றைச் செய்க என்பதே கட்டளை. அவற்றுட் பிறந்த கருவியொன்று கூரையிலே தொங்கும் துயிலெழுப்பும் கடிகாரம். இன்னுஞ் சிறிது தூங்குவோம் என எண்ணி அதன் ஒலியை நிறுத்துந்தோறும், அது எட்டாத உயரத்தை நோக்கி மேலேறும். ஈற்றிலே சோம்பேறி எழுந்தே தீரவேண்டும்!

கல்லூரி மறைந்தது, பலகை வாழ்ந்தது. 2010இல் வெளிவந்த ஊனோ என்னும் பலகையின் சில்லிலே, செய்நிரலுக்குரிய இடம் 32 கிலோபைற்று. வேலைக்குரிய நினைவகம் 2 கிலோபைற்று மாத்திரமே. ஆயினும், அச்சிறு இடமே எண்ணிறந்தோர்க்குப் பள்ளிக்கூடமாயிற்று. மலிவான முப்பரிமாண அச்சுப்பொறிகளை வீட்டிலே செய்ய முயன்றோர் பலரும் இத்திறந்த பலகையையே அவற்றின் மூளையாகக் கொண்டனர். பூட்டிய பெட்டியிலிருந்து இத்துணை விளைவு பிறந்திராது.

எனினும், வரலாறு கூறுவோன் குறையை மறைத்தல் தகாது. அடித்தளமிட்ட பராகானின் பெயர் நெடுங்காலம் உரியவாறு பேசப்படவில்லை. தம் பங்கு போதியவாறு கூறப்படாததை அவரே 2016இல் விரிவாக எழுதி விளக்க நேர்ந்தது. பெயருரிமை பற்றித் தோற்றுவித்தோரிடையே மூண்ட பிணக்கும் 2016ஆம் ஆண்டு ஒக்டோபரிலேயே தீர்ந்தது. 2025ஆம் ஆண்டு ஒக்டோபரில் அமெரிக்காவின் குவால்கொம் நிறுவனம் ஆர்டுயினோவைத் தான் வாங்கவிருப்பதாக அறிவித்தது. பெயர் கைமாறலாம், நிறுவனமும் கைமாறலாம். ஆனால், பொதுவென வழங்கிவிட்ட அந்த வரைபடங்களை இனி எவராலும் மீட்டுக்கொள்ளல் இயலாது. கொடுத்தது மாத்திரமே அழியாது நின்றது.

வாலிப அன்பர்களே! இவ்வரலாறு நமக்கு இரண்டு கடன்களை உணர்த்துகின்றது. கற்றதை ஒளியாது கொடுத்தல் ஒன்று. எவரிடமிருந்து பெற்றோம் என்பதை மறவாது கூறுதல் மற்றொன்று. முன்னதில் இவ்ரேயா ஆசிரியர் சிறந்து நின்றனர். பின்னதிற் சற்றே வழுவினர். மரபாய் வந்த மருந்தும் கலையும் ஏட்டினுள் ஒளிந்திருந்து கரையானுக்கு இரையானதை நம் முன்னோர் கண்டு வருந்தினர். குருவின் பெயரைச் சொல்லாது வித்தையை மாத்திரம் சொல்லுதலும் நம் மரபன்று. ஆகவே, நீங்கள் ஒரு சிறு விளக்கை மினுங்கச் செய்தாலும் அதன் வரைபடத்தை எழுதி அடுத்தவனுக்குக் கொடுங்கள். கற்பித்தவரின் பெயரையும் அதன் தலையிலே எழுதுங்கள். பெரியோர்களே! வீட்டிலே ஒரு மேசையும், பிழை செய்யச் சிறிது சுதந்திரமும் பிள்ளைகளுக்கு அளியுங்கள்.

கலைமகள் விழாவிலே ஏட்டோடு கருவியையும் வைத்து வணங்கும் மரபினர் நாம். அவ்வணக்கம் கையின் உழைப்பாகவும், அவ்வுழைப்பு பிறர்க்கு ஈயும் கொடையாகவும் மலர, எல்லாம்வல்ல இறைவன் திருவருள் புரிவானாக.