குக்கீயும் இணக்கமும்: உலாவி – வழங்கி உடன்பாட்டின் வரலாறு (1994–2020)

ஆய்வுச் சுருக்கம்

இணைய வழங்கிக்கும் உலாவிக்கும் இடையே நினைவைப் பேணும் சிறு தரவுத்துணுக்கு குக்கீ எனப்படுகிறது. 1994ஆம் ஆண்டு தோன்றிய இத்தொழில்நுட்பத்திற்கு 1997, 2000, 2011 ஆகிய ஆண்டுகளில் மூன்று தரநிலை ஆவணங்கள் இயற்றப்பட்டன. முதலிரண்டும் நடைமுறையில் வேரூன்றவில்லை, மூன்றாவது நிலைபெற்றது. இவ்வேறுபாட்டிற்கான காரணத்தை இணக்கச் சிக்கல்களின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது. குக்கீ மறுக்கப்படும்போது வழங்கிக்கு எவ்வித அறிவிப்பும் செல்லாமையே இச்சிக்கல்களின் மூலம் என்பதும், 2020ஆம் ஆண்டின் சேம்சைட் மாற்றத்தில் அதே சிக்கல் மீண்டும் தோன்றியது என்பதும் இதில் நிறுவப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: குக்கீ, உலாவி, வழங்கி, தரநிலை, இணக்கம், தனியுரிமை, சேம்சைட்.

முன்னுரை

எச்.டி.டி.பி. நெறிமுறை நினைவற்றது. ஒரு பக்கத்தைக் கேட்டவரும் அடுத்த பக்கத்தைக் கேட்டவரும் ஒருவரே என்பதை அறிய அந்நெறிமுறையில் வழியில்லை. ஆவணங்களைப் படிப்பதற்கென இணையம் பயன்பட்ட காலத்தில் இது குறையாகத் தோன்றவில்லை. கடை, வங்கி, அஞ்சல் ஆகியவை இணையத்திற்குள் வந்தபோது நினைவு இன்றியமையாததாயிற்று. அத்தேவையை நிறைவு செய்தது குக்கீ.

குக்கீயின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் தனியுரிமை நோக்கிலேயே அதனை அணுகியுள்ளனர். அந்நோக்கு தேவையானதே. ஆயினும் இரு வேறு நிறுவனங்கள் இயற்றிய மென்பொருள்கள் ஒரே வரியை எவ்வாறு வெவ்வேறாகப் படித்தன என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. தனியுரிமை பற்றிய முடிவுகள் பலவும் இவ்வினாவிற்கான விடைகளிலேயே மறைந்து கிடக்கின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

தோற்றமும் முதல் விவரக்குறிப்பும்

நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மான்டுல்லி 1994இல் இக்கருத்தை வகுத்தார். எம்.சி.ஐ. நிறுவனத்திற்கான இணைய வணிகச் செயலி ஒன்றில், முற்றுப்பெறாத பரிவர்த்தனையின் நிலையை வழங்கியில் சேமிக்காமல் பயனரின் கணினியிலேயே வைக்க வேண்டும் என்பதே அன்றைய தேவை. யூனிக்ஸ் நிரலாளர்களிடையே முன்பே வழங்கிய 'மேஜிக் குக்கீ' என்னும் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. ஜான் கியானாண்ட்ரியாவுடன் இணைந்து அவர் எழுதிய சுருக்கமான விவரக்குறிப்பே நெட்ஸ்கேப் விவரக்குறிப்பு எனப்படுகிறது. 1994 அக்டோபரில் வெளியான மொசைக் நெட்ஸ்கேப் 0.9 சோதனைப் பதிப்பு குக்கீயை ஏற்றது. ஓராண்டு கழித்து, 1995இல் வெளியான இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2 அதனைப் பின்பற்றியது.

இதன் செயல்முறை எளியது. வழங்கி தன் மறுமொழியில் 'செட்-குக்கீ' என்னும் தலைப்புவரியை அனுப்புகிறது. அதில் பெயரும் மதிப்பும், காலாவதி நாள், ஆள்களம், பாதை முதலிய பண்புகளும் இருக்கும். உலாவி அதனைச் சேமித்து, அடுத்த வேண்டுகோளில் 'குக்கீ' என்னும் தலைப்புவரியில் திருப்பி அனுப்புகிறது.

இங்கு ஒரு சமச்சீரின்மை நோக்கத்தக்கது. திரும்பி வருவது பெயரும் மதிப்பும் மட்டுமே. எந்தப் பண்புகளோடு அது சேமிக்கப்பட்டது, எப்போது காலாவதியாகும், எந்த ஆள்களத்திற்கு உரியது என்பவை திரும்புவதில்லை. உலாவி குக்கீயை மறுத்துவிட்டாலும் வழங்கிக்கு அறிவிப்பு இல்லை. குக்கீ வராமல் போவது ஒன்றே அடையாளம். முதல்முறை வருபவரிடமிருந்தும் குக்கீ வராது. மறுத்த உலாவியிடமிருந்தும் வராது. இரண்டையும் வழங்கியால் பிரித்தறிய இயலாது. பிற்கால இணக்கச் சிக்கல்கள் பலவும் இந்த மௌனத்திலிருந்தே கிளைத்தன.

நெட்ஸ்கேப் விவரக்குறிப்பின் இடைவெளிகள்

சில பக்கங்களே கொண்ட அவ்விவரக்குறிப்பு, இலக்கணம் என்பதைவிட விளக்கக் குறிப்பு என்றே சொல்லத்தக்கது. அதன் இடைவெளிகளுள் மூன்று பின்னாளில் பெருஞ்சிக்கலாயின.

முதலாவது, காலாவதி நாளின் வடிவம். 'எக்ஸ்பயர்ஸ்' பண்பில் கிழமையின் பெயருக்குப் பின் காற்புள்ளி இடம்பெறும். ஒரே பெயருள்ள பல தலைப்புவரிகளைக் காற்புள்ளியிட்டு ஒன்றாக இணைக்கலாம் என்பது எச்.டி.டி.பி.யின் பொதுவிதி. இடையிலுள்ள மென்பொருள் அவ்வாறு இணைத்தால், எந்தக் காற்புள்ளி நாளுக்குரியது, எது அடுத்த குக்கீயைப் பிரிப்பது என்பது தெளிவாகாது. மேலும் ஆண்டினைச் சிலர் இரண்டு இலக்கங்களிலும் சிலர் நான்கு இலக்கங்களிலும் எழுதினர். நாள் முழுநிலையாகக் குறிக்கப்படுவதால், பயனரின் கணினிக் கடிகாரம் பிழைபட்டிருந்தால் குக்கீ வந்தவுடனேயே காலாவதியாகிவிடுவதும் உண்டு.

இரண்டாவது, ஆள்களத்தின் எல்லை. காம், ஓ.ஆர்.ஜி. உள்ளிட்ட ஏழு உயர்நிலை ஆள்களங்களுக்கு இரண்டு புள்ளிகளும் மற்றவற்றிற்கு மூன்று புள்ளிகளும் வேண்டும் என அக்குறிப்பு விதித்தது. பிரித்தானியாவில் 'கோ.யூகே' என்பதன் கீழுள்ள அனைத்து நிறுவனங்களுக்கும் ஒரே குக்கீ செல்லாமல் தடுப்பதே இதன் நோக்கம். ஆனால் ஜெர்மனி போன்ற நாடுகளில் நாட்டுக்குறியின் கீழேயே நேரடியாகப் பெயர் பதிவது வழக்கம். விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றினால் அத்தளங்கள் இயங்கா. தளர்த்தினால் பாதுகாப்பு கெடும். புள்ளிகளை எண்ணித் தீர்க்க இயலாத இச்சிக்கலுக்கு, மொசில்லா தொடங்கிய பொதுப் பின்னொட்டுப் பட்டியலே பின்னர் விடையாயிற்று. எந்தப் பின்னொட்டின் கீழ்ப் பொதுமக்கள் பெயர் பதியலாம் என்பதை மனிதர்களே தொகுத்துப் பேணும் பட்டியல் அது. 'இந்தியா', 'இலங்கை', 'சிங்கப்பூர்' எனத் தமிழ் எழுத்தில் அமைந்த உயர்நிலை ஆள்களங்களும் அதில் உள்ளன.

மூன்றாவது, அறியாத பண்பை எதிர்கொள்ளும் முறை. விவரக்குறிப்பில் இல்லாத பண்பு ஒன்று வந்தால் அதனைப் புறக்கணிப்பதா, குக்கீ முழுவதையும் மறுப்பதா என்பது உறுதியாக வரையறுக்கப்படவில்லை. அடுத்த இரு தரநிலைகளின் போக்கை இவ்விடைவெளி பெரிதும் பாதித்தது.

இரு தரநிலைகளின் தோல்வி

இணையப் பொறியியல் பணிக்குழு 1995இல் இதுகுறித்த விவாதத்தைத் தொடங்கியது. பெல் ஆய்வகத்தின் டேவிட் கிறிஸ்டலும் மான்டுல்லியும் இயற்றிய ஆர்.எஃப்.சி. 2109, 1997 பிப்ரவரியில் வெளிவந்தது. அது நெட்ஸ்கேப் விவரக்குறிப்பின் குறைகளைக் களைய முயன்றது. முழுநிலை நாளுக்கு மாற்றாக, இத்தனை நொடிகள் என்று கணக்கிடும் 'மேக்ஸ்-ஏஜ்' பண்பைக் கொணர்ந்தது. மதிப்புகளை மேற்கோள்குறிக்குள் எழுதும் முறையை வகுத்தது. திரும்பி வரும் தலைப்புவரியில் பதிப்பு, பாதை, ஆள்களம் ஆகியவற்றையும் டாலர் குறியிட்டுச் சேர்க்க வழிசெய்தது. மேற்கூறிய மௌனத்தைக் கலைக்க எடுக்கப்பட்ட முயற்சி என இதனைக் கொள்ளலாம்.

ஆனால் வழக்கிலிருந்த உலாவிகள் இப்புதிய இலக்கணத்தை அறியா. அறியாத பண்புகளை அவற்றுள் சில புறக்கணிக்காமல் தவறாகப் பொருள்கொண்டன. மேற்கோள்குறியை மதிப்பின் பகுதியாகவே சில சேமித்தன. ஆகவே புதிய விதிப்படி குக்கீ அனுப்பும் வழங்கி, பழைய உலாவியில் பிழையை விளைவித்தது. இதனைத் தவிர்க்க, 2000 அக்டோபரில் வந்த ஆர்.எஃப்.சி. 2965 'செட்-குக்கீ2' என்னும் தனித் தலைப்புவரியையே உருவாக்கியது. பழையவை பழைய வரியையும் புதியவை புதிய வரியையும் படிக்கும் என்பது எதிர்பார்ப்பு. ஓபராவைத் தவிர முதன்மையான உலாவிகள் அதனை ஏற்கவில்லை. உலாவிகள் ஏற்காததால் வழங்கிகள் அனுப்பவில்லை. வழங்கிகள் அனுப்பாததால் உலாவிகளுக்கு ஏற்கும் தேவையும் எழவில்லை.

இத்தோல்வியைத் தொழில்நுட்பக் காரணத்தோடு முடித்துவிட இயலாது. பயனர் அறிந்து செல்லாத வேறொரு தளத்தின் குக்கீயை, அதாவது மூன்றாம் தரப்புக் குக்கீயை, இயல்பாக ஏற்கலாகாது என ஆர்.எஃப்.சி. 2109 விதித்திருந்தது. விளம்பர நிறுவனங்களின் தொழிலே அத்தகைய குக்கீகளைச் சார்ந்திருந்தது. அன்றைய இரு பெரும் உலாவிகளும் இவ்விதியைத் தம் இயல்பு அமைப்பாகக் கொள்ளவில்லை. இலக்கணப் பொருத்தமின்மையும் வணிக விருப்பமின்மையும் ஒரே திசையில் செயற்பட்டன. 'இணக்கம் கெடும்' என்னும் காரணம் உண்மையானதே. ஆயினும் அக்காரணத்தால் பயன்பெற்றோர் யாவர் என்பதையும் வரலாற்றாய்வாளர் உசாவ வேண்டும்.

தரநிலை தோற்றாலும் அதன் தடங்கள் அழியவில்லை. வழங்கிப் பக்க நிரல்தொகுப்புகள் சில 2109இன் இலக்கணத்தைப் பல்லாண்டுகள் பேணின. ஜாவா வழங்கியான டாம்கேட்டின் மரபுவழிக் குக்கீச் செயலி, மதிப்பினுள் சமக்குறி வந்தால் அவ்விடத்தோடு மதிப்பு முடிந்ததாகவே இயல்பாகக் கொண்டது. குறியாக்கம் செய்த மதிப்பின் இறுதியில் சமக்குறி வருவது வழக்கமாதலால், உலாவி முழுமையாக அனுப்பியும் வழங்கியின் கையில் குறைபட்ட மதிப்பே சேர்ந்தது. டாம்கேட் 8.5 முதல் புதிய தரநிலைக்குரிய செயலி இயல்பாக்கப்பட்டது.

பிழையறிதலின் படிநிலைகள்

குக்கீ திரும்பவில்லை என்னும் ஒரே விளைவுக்கு நான்கு இடங்களில் காரணம் இருக்கக்கூடும்: வழங்கி அனுப்பியதா, உலாவி சேமித்ததா, உரிய வேண்டுகோளில் திருப்பி அனுப்பியதா, வழங்கி அதனைச் சரியாகப் பகுத்ததா என்பன அவை. வரலாற்றில் பதிவான சிக்கல்கள் இந்நான்கனுள் அடங்கும்.

2001இல் இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு வெளியான பாதுகாப்புத் திருத்தம் ஒன்று, பெயரில் அடிக்கோடு உள்ள வழங்கிகளின் குக்கீகளை மறுத்தது. வழங்கியில் எம்மாற்றமும் இல்லாதபோதும் அமர்வு ஒவ்வொரு வேண்டுகோளிலும் புதிதாகத் தொடங்கியது. அதே ஆண்டு வந்த இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6, பி3பி என்னும் சுருக்கத் தனியுரிமைக் கூற்று இல்லாத மூன்றாம் தரப்புக் குக்கீகளை இயல்பாகத் தடுத்தது. இவ்விரண்டும் இரண்டாம் படியின் சிக்கல்கள். டாம்கேட் சான்று நான்காம் படியைச் சேர்ந்தது. நான்கிற்கும் வெளித்தோற்றம் ஒன்றே: பயனர் மீண்டும் மீண்டும் உள்நுழைவுப் பக்கத்திற்கே திரும்புகிறார்.

நடைமுறையை எழுதிய தரநிலை

2011 ஏப்ரலில் ஆடம் பார்த் இயற்றிய ஆர்.எஃப்.சி. 6265 வேறுவழி சென்றது. குக்கீ எவ்வாறு இருக்க வேண்டும் என்பதைவிட, அது உண்மையில் எவ்வாறு இயங்குகிறது என்பதையே அது பதிவு செய்தது. வழங்கிகளுக்குக் கண்டிப்பான இலக்கணத்தையும், உலாவிகளுக்கு நெகிழ்வான படிப்புமுறையையும் தனித்தனியே வகுத்தது. இரண்டிலக்க ஆண்டுகளுள் 70 முதல் 99 வரை 1900களாகவும், 0 முதல் 69 வரை 2000களாகவும் கொள்ளப்பட்டன. அறியாத பண்பைப் புறக்கணிக்க வேண்டும் என்பது தெளிவாக்கப்பட்டது. டாலர் குறியிட்ட பண்புகளும் செட்-குக்கீ2 வரியும் கைவிடப்பட்டன. மூன்றாம் தரப்புக் குக்கீ பற்றிய முடிவு உலாவிகளிடமே விடப்பட்டது.

வழக்கை நோக்கி இலக்கணம் செய்யும் இம்முறையே அதன் வெற்றிக்குக் காரணம். அவ்வெற்றிக்கு விலையும் உண்டு. மௌனம் கலைக்கப்படவில்லை, 1997இன் தனியுரிமை விதியும் மீளவில்லை.

மீண்டும் அதே சிக்கல்

மைக் வெஸ்ட், மார்க் குட்வின் ஆகியோரின் 2016ஆம் ஆண்டு வரைவு 'சேம்சைட்' என்னும் பண்பை முன்வைத்தது. வேறு தளத்திலிருந்து எழும் வேண்டுகோளோடு குக்கீ செல்வதைக் கட்டுப்படுத்த 'ஸ்ட்ரிக்ட்', 'லாக்ஸ்' என்னும் இரு மதிப்புகள் அதில் இருந்தன. பின்னர், கட்டுப்பாடு வேண்டா என வெளிப்படையாகச் சொல்ல 'நன்' என்னும் மூன்றாம் மதிப்பு சேர்க்கப்பட்டது. குரோம் 51 முதல் 66 வரையான பதிப்புகள் இம்மதிப்புள்ள குக்கீயை மறுத்தன. அவை வெளியான காலத்து வரைவின்படி அது சரியான செயலே. ஐ.ஓ.எஸ். 12 இயங்குதளத்தின் உலாவிகளும் மேக் ஓ.எஸ். 10.14இன் சஃபாரியும் அதனை 'ஸ்ட்ரிக்ட்' எனப் பிழையாகக் கொண்டன.

2020 பிப்ரவரியில் குரோம் 80, பண்பு குறிக்கப்படாத குக்கீகளை 'லாக்ஸ்' எனக் கொள்ளத் தொடங்கியது. 'நன்' என எழுதாவிடில் புதிய உலாவியில் குக்கீ செல்லாது. எழுதினால் பழைய உலாவியில் நிற்காது. வழங்கியாளர்கள் உலாவியின் பெயரை ஆராய்ந்து மறுமொழியை மாற்றினர். அல்லது ஒரே மதிப்பை இரு குக்கீகளாக அனுப்பினர். ஒன்றை இரண்டாக அனுப்பும் இவ்வழி, செட்-குக்கீ2 முயன்ற அதே உத்தி என்பது குறிப்பிடத்தக்கது. கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் இன்றியமையாத தளங்கள் முடங்கலாகாது எனக் கருதி, ஏப்ரலில் இம்மாற்றத்தைக் கூகுள் தற்காலிகமாக மீட்டுக்கொண்டு, ஜூலையில் மீண்டும் தொடங்கியது.

1997இல் இயலாதது 2020இல் இயன்றமைக்குக் காரணம் இலக்கணத்தின் செம்மையன்று. பெரும்பான்மைப் பயனர்களைக் கொண்ட ஒரே உலாவி, வழங்கிகள் மாறியே தீர வேண்டிய நிலையை உருவாக்கியது. பணிக்குழுவின் ஆவணத்தால் ஆகாததை ஒரு நிறுவனத்தின் வெளியீட்டு அட்டவணை செய்தது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. குக்கீ நெறிமுறையில் மறுப்பை அறிவிக்கும் வழியின்மையே இணக்கச் சிக்கல்களின் பொதுவேர். வழக்கை மாற்ற முயன்ற இரு தரநிலைகள் தோற்க, வழக்கை விவரித்த தரநிலை நிலைபெற்றது. வழக்கையே மாற்றும் ஆற்றல் தரநிலையிடம் இல்லாது, உலாவியை வெளியிடுவோரிடம் குவிந்துள்ளது. ஆகவே 'இணக்கம்' என்னும் சொல்லைத் தொழில்நுட்பக் கலைச்சொல்லாக மட்டும் கொள்ளாமல், யாருடைய மென்பொருளுக்கு யார் இணங்கினர் என்னும் வினாவோடு சேர்த்தே இணைய வரலாற்றாய்வு அதனைக் கையாள வேண்டும்.