ராஜாக்களின் லேத்தும் என் பால்கனி வைஸும்

எங்கள் புனே ஃபிளாட்டின் பால்கனியில் துணி காயப்போட இடமில்லை. காரணம் அடியேன்தான். நாலு இஞ்ச் பெஞ்ச் வைஸ் ஒன்று, அரம் பதினொன்று, கையால் சுற்றும் டிரில் இரண்டு, இப்போதுள்ள எந்த நட்டுக்கும் பொருந்தாத பழைய விட்வொர்த் ஸ்பானர்கள் ஆறு. எல்லாமே ஜூனா பஜாரில் ஞாயிற்றுக்கிழமைகளில் பேரம் பேசி வாங்கியவை. பிழைப்போ சாஃப்ட்வேர். அதற்கும் அரத்துக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது.

"இத்தனையும் வச்சு இதுவரைக்கும் என்னதான் செஞ்சிருக்கீங்க?" என்று தங்கமணி கேட்டார். ரொம்ப நேரம் யோசித்தேன். போன வருஷம் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். அப்புறம் பிளம்பரைக் கூப்பிட்டு அதைச் சரி செய்தோம் :-)

ஆனால் இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் பிடித்ததல்ல மக்களே. ராஜாக்களையே பிடித்து ஆட்டியிருக்கிறது.

முதலில் ரஷ்யாவின் மகா பீட்டர். 1697-ல், தான் யார் என்பதை மறைத்துக்கொண்டு ஹாலந்துக்குப் போய், ஆம்ஸ்டர்டாம் கப்பல் கட்டும் தளத்தில் தச்சனாக மாதக்கணக்கில் வேலை செய்த ஆசாமி. கருவி எதைப் பார்த்தாலும் வாங்குவார். வாங்கியதை உபயோகித்தும் பார்ப்பார். பல் பிடுங்கும் குறடு வாங்கியபோதுதான் வம்பு. அரண்மனைக்காரர்கள் பல்வலி என்று வாயைத் திறக்கவே பயந்தார்களாம். அவர் பிடுங்கிய பற்கள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் குன்ஸ்ட்காமெரா அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன.

அவருடைய பெரிய காதல் லேத். கோடைக்கால அரண்மனையிலேயே கடைசல் அறை வைத்திருந்தார். அதற்காகவே ஆந்த்ரேய் நார்த்தோவ் என்ற இளைஞரை 1712-ல் மாஸ்கோவிலிருந்து வரவழைத்தார். நார்த்தோவ் செய்த லேத்துகளைப் பார்த்தால் இயந்திரமா, சிற்பமா என்று சந்தேகம் வரும். அத்தனை அலங்காரம். ஆனால் உள்ளே ஒரு அபாரமான விஷயம் இருந்தது. அதுவரை பொதுவாகக் கடைசல்காரர் உளியைக் கையில் பிடித்துத்தான் கடைவார். இதில் உளியை இயந்திரமே பிடித்து நகர்த்தியது. இதை வைத்து ராஜா என்ன செய்தார்? தந்தத்திலும் மரத்திலும் பொம்மை வேலைகள் கடைந்தார்.

அடுத்தவர் பிரான்சின் பதினாறாம் லூயி. இவருக்குப் பூட்டுப் பைத்தியம். கமேன் என்ற பூட்டுக்காரர்தான் குரு. புரட்சி வந்து ராஜாவை துய்லெரி அரண்மனையில் வைத்தபோது, ரகசியக் காகிதங்களை ஒளித்துவைக்கச் சுவருக்குள் ஒரு இரும்புப் பெட்டகம் தயாரானது. அதைச் செய்து தந்தது நம் குருநாதர். 1792 நவம்பரில் அதைக் காட்டிக்கொடுத்ததும் அவரேதான்! அந்தக் காகிதங்கள் வழக்கில் சாட்சியாயின. 1793 ஜனவரி 21 அன்று தலை போயிற்று. என் பொழுதுபோக்கால் பால்கனி மட்டும்தான் போயிற்று என்று தங்கமணியிடம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

ராஜாக்களுக்குப் பிறகு சீமான்களின் முறை. லண்டனில் ஹோல்ட்ஸாப்ஃபெல் என்ற கடை 1790களிலிருந்து நூறு வருஷத்துக்கு மேல் பணக்காரர்களுக்கு அலங்கார லேத் விற்றது. மொத்தம் இரண்டாயிரத்துக்கும் மேல். ஒவ்வொரு லேத்துக்கும் வரிசை எண், பெட்டி பெட்டியாக உளிகள். வாங்கியவர்களுக்கு ஒரு தந்தச் செப்பு கடைந்து முடித்தாலே பிறவிப்பயன்.

இந்த ஆட்டத்தை மாற்றியவர் சீமான் இல்லை. ஹென்றி மாட்ஸ்லே, பன்னிரண்டு வயதில் லண்டனை ஒட்டிய வூல்விச் ஆயுதசாலையில் வேலைக்குச் சேர்ந்த பையன். பிறகு பிராமா என்ற பூட்டுத் தயாரிப்பாளரிடம் தலைமை மெக்கானிக்காக இருந்தார். வாரம் 30 ஷில்லிங் சம்பளம். கூட்டிக் கேட்டார், கிடைக்கவில்லை. 1797-ல் வெளியே வந்து சொந்தப் பட்டறை போட்டார். (அப்ரைசல் முடிந்து பேப்பர் போடும் வழக்கம் நம் காலத்தில் தொடங்கியதல்ல!)

அவர் காலத்துக்கு முன் மரை வெட்டுவது பெரும்பாலும் கைவேலை. ஒரு போல்ட்டுக்கு அதன் நட்டுதான் சேரும். கழற்றினால் எது எதன் ஜோடி என்று அடையாளம் போட்டுவைக்க வேண்டும். மாட்ஸ்லே 1800 வாக்கில் செய்த லேத் முழுக்க இரும்பு. சுழலும் கம்பியையும் உளியை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவையும் பல்சக்கரங்கள் இணைத்தன. கம்பி ஒரு சுற்று சுற்றினால் உளி குறிப்பிட்ட தூரம்தான் நகரும். சக்கரத்தை மாற்றினால் மரையின் இடைவெளி மாறும். நூறு போல்ட் செய்தாலும் நூறும் ஒரே மாதிரி.

இதிலிருந்த பல அம்சங்கள் தனித்தனியாக ஏற்கெனவே இருந்தவைதான். உளியை இயந்திரம் பிடிப்பது நார்த்தோவிடமே உண்டு. ராஜாவின் அறையில் அது எண்பது வருஷம் முன்பே பொம்மை செய்துகொண்டிருந்தது. பட்டறைக்காரன் கைக்கு வந்தபோது அது தொழிற்புரட்சி ஆயிற்று. போர்ட்ஸ்மவுத்தில் கப்பல் கப்பிகள் செய்ய மாட்ஸ்லே கட்டிக்கொடுத்த 45 இயந்திரங்களை வைத்து, 110 பேர் செய்த வேலையைப் பத்துப் பேர் செய்தார்கள். அவரிடம் வேலை பார்த்தவர்களில் ஒருவர் ஜோசப் விட்வொர்த். 1841-ல் மரைகளுக்குப் பொது அளவு சொன்னவர். என் பால்கனியின் ஆறு ஸ்பானர்களும் அவர் பெயரைச் சுமப்பவைதான்.

அந்த லேத் நம் ஊருக்கு வந்த கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1941-ல் ஹரிஹரில் மைசூர் கிர்லோஸ்கர் தொடங்கி லேத்துகள் செய்தது. 1953-ல் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் கூட்டுறவோடு பெங்களூரில் எச்எம்டி வந்தது. எச்எம்டி என்றால் நமக்கெல்லாம் அப்பாவின் கைக்கடிகாரம். ஆனால் பெயரே இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ். கடிகாரம் 1961-க்குப் பிறகுதான். அந்தக் கடிகாரப் பிரிவை மூட 2016-ல் அரசு முடிவெடுத்தபோது பலரும் கண்ணீர் விட்டோம். லேத்துக்காக யாரும் அழவில்லை.

நானும் அழுதிருக்க மாட்டேன், அன்று போசரிக்குப் போகாமல் இருந்திருந்தால். அங்கே ஒரு சின்னப் பட்டறையில் சிஎன்சி மெஷின் வாங்கிவிட்டதால் பழைய எச்எம்டி லேத்தை எடைக்குப் போடுகிறார்கள் என்று நண்பர் சொன்னார். ஆசையில் ஓடினேன். எங்கள் ஃபிளாட் இருப்பது மூன்றாவது மாடி என்பது அங்கே போன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

லேத் பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். இருபத்தாறு வருஷம் அதை ஓட்டிய டர்னர். "காகா, ஒரு தடவை மரை வெட்டிக் காட்டுவீங்களா?" என்று அரைகுறை மராத்தியில் கேட்டேன். சக்கில் ஒரு கம்பியை மாட்டினார். உளி எத்தனை ஆழம் போகிறது என்று டயலைப் பார்க்கவே இல்லை. தலையைச் சாய்த்துச் சத்தத்தைத்தான் கேட்டார். முடித்ததும் நட்டைப் போட்டார், அது பாட்டுக்கு இறங்கியது.

மாலையில் லேத்தைக் காயலான் கடைக்காரர் கொண்டுபோனார். சத்தம் கேட்கும் அந்தக் காதுக்கு யாரும் விலை கேட்கவில்லை. அதை எந்தப் பால்கனியில் சேர்த்துவைப்பது?

யோசித்துவிட்டு காகாவிடமே கேட்டேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை ஜூனா பஜார் கிடையாது. அவர் வீட்டுத் திண்ணைதான். ஒரு இரும்புத் துண்டை அரத்தால் ராவிச் சமதளமாக்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். ஐந்து வாரமாகிறது. மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு "இன்னும் வெளிச்சம் தெரியுது" என்று திருப்பித் தருகிறார்.

பதினொரு அரத்தில் ஒன்று தேய ஆரம்பித்திருக்கிறது. தங்கமணியிடம் பெருமையாகக் காட்டினேன். "அப்போ மிச்சம் பத்தையும் எடைக்குப் போட்டுடலாமா?" என்கிறார்.