மனநோயா இல்லையா - ஓட்டுப் போட்டு முடிவு பண்ண கதை

டெஸ்டிங் டீம்ல இருந்து ஒரு பக் வந்தா, நாங்க முதல்ல பண்றது சண்டை. "அது பக்கே இல்லீங்க, அப்படித்தான் ஓடணும்"னு. கடைசியில ரெக்வயர்மெண்ட் டாகுமெண்ட்டைத் திறந்து பார்த்தாத்தான் பஞ்சாயத்து முடியும். சரி, மனுஷனுக்கு அந்த டாகுமெண்ட் எங்க இருக்கு? எது இயல்பு, எது நோய்னு யார் எழுதி வச்சிருக்காங்க?

அமெரிக்காவுல எழுதித்தான் வச்சிருந்தாங்க. அந்த ஊர் மனநல மருத்துவர் சங்கம் 1952-ல வெளியிட்ட டிஎஸ்எம்-ங்கிற கையேடு. தன்பாலீர்ப்பு அதுல ஒரு மனநோய். 1968-ல வந்த ரெண்டாம் பதிப்புலயும் அதே கதைதான். இந்த முத்திரையைச் சொல்லி ஷாக் வச்சு 'குணப்படுத்த'ப் பார்த்த கொடுமையெல்லாம் நடந்திருக்கு.

இதுல ஒரு பெரிய ஓட்டை. டாக்டர்கள் பார்த்தது பெரும்பாலும் மனசு ஒடிஞ்சு சிகிச்சைக்கு வந்தவங்களைத்தான். அதை வச்சு மொத்தப் பேரையும் நோயாளின்னு சொன்னா எப்படி? ஈவ்லின் ஹூக்கர்ங்கிற உளவியலாளர் வேற மாதிரி யோசிச்சாங்க. சிகிச்சைக்குப் போகாத, சாதாரணமா வாழ்ந்துகிட்டிருந்த தன்பாலீர்ப்பு ஆண்கள் 30 பேர், மத்த ஆண்கள் 30 பேர். எல்லாருக்கும் மைக்கறை சோதனை மாதிரி சில சோதனைகள் வச்சு, யாரோடதுன்னு சொல்லாம முடிவுகளை நிபுணர்கள்கிட்ட கொடுத்தாங்க. யார் எந்தப் பக்கம்னு அவங்களால பிரிச்சுச் சொல்ல முடியலை! இது வெளிவந்தது 1957-ல. ஆனா கையேடு அசையலை.

1972 மே மாசம், டல்லாஸ்ல சங்கத்தோட மாநாடு. மேடையில ஒருத்தர் ரப்பர் முகமூடி, விக், தொளதொளன்னு ஒரு கோட்டு, குரலை மாத்துற மைக் சகிதமா வந்து உட்கார்ந்தார். தானும் தன்பாலீர்ப்பாளர், தானும் மனநல மருத்துவர்னு சொன்னார். தன்னை மாதிரி நூத்துக்கும் மேல இந்த மாநாட்டுக்கே வந்திருக்காங்கன்னும் சொன்னார். பேர் தெரிஞ்சா வேலை போயிடும். அவர் ஜான் ஃப்ரையர். அது தான்தான்னு வெளிப்படையா சொன்னது 1994-ல, 22 வருஷம் கழிச்சு!

1973 டிசம்பர் 15 அன்னிக்கு சங்கத்தோட நிர்வாகக் குழு அதைப் பட்டியல்லேர்ந்து தூக்கிடுச்சு. ராபர்ட் ஸ்பிட்சர் முன்வச்ச வாதம் ரொம்ப சிம்பிள்: ஒண்ணை நோய்னு சொல்லணும்னா அது அந்த ஆளுக்கு வேதனை தரணும், இல்லைன்னா அன்றாட வாழ்க்கையை முடக்கணும். ஊருக்குப் பிடிக்கலைங்கிறது நோய்க்குறி ஆகாது. எதிர்த்தவங்க விடலை, ஓட்டெடுப்பு கேட்டாங்க. 1974-ல நடந்துச்சு. நீக்கினது சரின்னு 5,854 பேர், தப்புன்னு 3,810 பேர்.

'ஓட்டுப் போட்டு முடிவு பண்ணா அது என்ன அறிவியல்?'னு எனக்கும் முதல்ல தோணுச்சு. ஆனா பட்டியல்ல சேர்த்தப்போ ஹூக்கர் மாதிரி யாரும் சோதிச்சுப் பார்க்கலையே! ஊரோட வெறுப்பைத்தான் மருத்துவ பாஷையில எழுதி வச்சிருக்காங்க. பக் இருந்தது மனுஷங்ககிட்ட இல்லை, டாகுமெண்ட்ல.

நம்ம ஊருக்கு வருவோம். மதுரையிலேர்ந்து சென்னைக்கு ஓடி வந்த ரெண்டு பெண்களோட வழக்கு. 2021 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இவங்களை மாதிரி இருக்கறவங்களை 'குணப்படுத்துற' முயற்சிக்கெல்லாம் தடை போட்டார். அதுக்கு முன்னாடி, தனக்கு இதைப் பத்தி சரியாத் தெரியாதுன்னு ஒத்துகிட்டு ஒரு உளவியலாளர்கிட்ட போய் உட்கார்ந்தது யார் தெரியுமா?

நீதிபதியேதான்.