தொடக்கநிலைப் பாடம் யாருக்கு?

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குக் கணிப்பொறிப் பாடத்திட்டத்தில் என்னய்யா வேலை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வேலை இருக்கிறது. எதைப் பாடமாக வைப்பது, எதைத் தள்ளுவது, யாரை வகுப்புக்குள் விடுவது என்பவை அதிகாரத்தோடு பிணைந்த கேள்விகள். இலக்கியப் பாடத்திட்டங்களை முன்வைத்து இதை நிறையப் பேசியாயிற்று. அல்காரிதம், புரோகிராமிங் என்று கல்லூரி முதலாண்டில் நடத்துகிறார்களே, அந்தப் பாடத்துக்கும் இப்படியொரு வரலாறு உண்டு.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் புரோகிராம் எழுதுவதென்பது பெரும்பாலும் விஞ்ஞான, பொறியியல் மாணவர்களின் காரியம். துளையிட்ட அட்டைக் கட்டை ஆபரேட்டரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மறுநாள் விடை வரும். ஒரு காற்புள்ளி தப்பியிருந்தால் விடைக்குப் பதில் பிழைச்செய்தி வரும். திரும்பவும் அட்டை, திரும்பவும் காத்திருப்பு. எந்திரத்துக்கும் மாணவனுக்கும் நடுவே ஒரு பூசாரி வர்க்கம் நின்றது என்று சொன்னால் தப்பில்லை.

இதை உடைக்க முயன்றவர்கள் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து டார்ட்மத் கல்லூரியின் கணிதப் பேராசிரியர்களான ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும். கெமெனி 1926இல் புடாபெஸ்டில் பிறந்த யூதர். 1940இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குத் தப்பி வந்தவர். அணுகுண்டுத் திட்டத்துக்காக லாஸ் அலமோஸில் கணக்குப் போட்டவர். இருவரும் தம் மாணவர்களோடு சேர்ந்து, ஒரே எந்திரத்தைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் முறையையும் பேசிக் என்ற மொழியையும் உருவாக்கினார்கள். 1964 மே 1 விடியற்காலை நான்கு மணிக்கு அது ஓடியது. மென்பொருளின் பெரும்பகுதியை எழுதியவர்கள் பட்டப்படிப்பு மாணவர்களே. மத்திய அரசின் அறிவியல் அறக்கட்டளை பணம் தந்தது. எந்திரம் ஜெனரல் எலெக்ட்ரிக்கினுடையது.

பாடம் மிகச் சுருக்கம். முதலாண்டுக் கணித வகுப்பின் ஒரு பகுதியாக இரண்டு மூன்று விரிவுரைகள். வரிக்கு வரி எண், 'லெட்', 'பிரிண்ட்', 'இஃப்', 'கோ டு' என ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடக்கூடிய ஆணைகளோடு தொடக்கம். அப்புறம் டெலிடைப் முன்னால் உட்கார்ந்து நீயே செய்து பார். தப்பு செய்தால் உடனே தெரியும், உடனே திருத்தலாம். கல்லூரி நூலகத்தில் எவரும் அலமாரியிலிருந்து புத்தகம் எடுத்துக்கொள்வது போல எந்திரத்தையும் கட்டணமின்றி, அனுமதிச் சீட்டின்றி, எவரும் பயன்படுத்த வேண்டும் என்பது அவர்கள் கோட்பாடு. சும்மா சொல்லக்கூடாது, பெரிய கனவுதான் அது.

ஆனால் அந்த 'எவரும்' யார்? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டியிருக்கிறது. டார்ட்மத் 1972வரை ஆண்களை மட்டுமே பட்டப்படிப்புக்குச் சேர்த்த கல்லூரி. 1769இல் கிடைத்த சாசனம், பூர்வகுடி இளைஞர்களின் கல்வியைத்தான் முதல் நோக்கமாகச் சொல்கிறது. அதன் பேரைச் சொல்லி, மோஹிகன் இனத்துப் போதகர் சாம்சன் ஆக்கம் 1766 முதல் 1768 வரை பிரிட்டனில் ஊர் ஊராக அலைந்து 11,000 பவுனுக்கும் மேல் திரட்டிக் கொடுத்தார். அந்தக் காசில் எழுந்த கல்லூரி வெள்ளைப் பையன்களுடையதாயிற்று. முதல் இருநூறு ஆண்டுகளில் அங்கே பட்டம் பெற்ற பூர்வகுடியினர் 19 பேர். 1970இல் கல்லூரித் தலைவரான அதே கெமெனிதான் பழைய வாக்கை மீண்டும் கையிலெடுத்தார், பெண்களுக்கும் கதவு திறந்தார். அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. என்றாலும், விஞ்ஞானம் படிக்காத மாணவனுக்கும் கணிப்பொறி ஏன் வேண்டும் என்பதற்கு அவரும் கர்ட்ஸும் தந்த காரணத்தைப் பாருங்கள்: நாளைக்கு அரசாங்கத்திலும் வணிகத்திலும் முடிவெடுக்கப் போகிறவர்கள் இவர்கள்தாம். அதாவது, ஆளப்போகிறவர்களுக்கான பாடம்.

மொழியின் எளிமைக்கும் இதே கேள்வி பொருந்தும். அன்றாட ஆங்கிலச் சொற்களால் ஆனதால் பேசிக் எளிது என்றார்கள். எந்திரத்தோடு இணைய 'ஹலோ' என்று அடித்தால் போதும். ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது வணக்கம். நம் கிராமத்துப் பிள்ளைக்கு அதுவே மனப்பாடம் பண்ணவேண்டிய ஒரு குறியீடு. எளிமைக்கும் ஒரு தாய்மொழி இருக்கிறது.

எதிர்ப்பு வேறு பக்கமிருந்து வந்தது. 1968இல் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 'கோ டு' ஆணையைக் கண்டித்து எழுதினார். கண்டபடி தாவுகிற நிரலில், ஒரு கட்டத்தில் என்ன நடக்கிறது என்று பின்தொடர முடியாது. பின்தொடர முடியாததைச் சரியென்று நிறுவவும் முடியாது. நியாயமான வாதம். ஆனால் 1975இல் அவரே, பேசிக் கற்ற மாணவர்களின் மூளை இனித் தேறவே தேறாத அளவுக்குச் சிதைந்துவிட்டது என்கிற தொனியில் எழுதியபோது, நிரல் பற்றிய விமர்சனம் ஆள் பற்றிய தீர்ப்பாகிவிட்டது. தகுதி, தரம் என்ற பேரில் இப்படிப்பட்ட தீர்ப்புகளைக் கேட்டுப் பழகியவர்கள் நாம். 1984இல் அமெரிக்கப் பள்ளி மாணவர்களுக்குக் கல்லூரித் தரத்தில் கணிப்பொறித் தேர்வு வந்தபோது அதன் மொழி பேசிக் அல்ல, ஒழுங்கு கற்பிக்கவென்று நிக்லாஸ் விர்த் வடிவமைத்த பாஸ்கல்.

இன்னொரு கிளை சந்தைக்குப் போயிற்று. இலவசமாக உலவட்டும் என்று விடப்பட்ட பேசிக்கின் ஒரு வடிவத்தை 1975இல் ஆல்டேர் எந்திரத்துக்காக எழுதி விற்ற பில் கேட்ஸ், மறு ஆண்டே அதை நகலெடுத்தவர்களைத் திருடர்கள் என்று சாடிப் பகிரங்கக் கடிதம் வெளியிட்டார். பொதுச் சொத்து தனிச் சொத்தாவதற்குப் பன்னிரண்டே ஆண்டுகள்.

இப்போது எந்திரமே நிரல் எழுதித் தருகிறது. இனி அந்தப் பாடம் எதற்கு என்கிறார்கள். யாருக்குக் கடன், யாருக்கு வேலை என்று அல்காரிதங்கள் பட்டியல் போடும் காலத்தில், அந்தப் பட்டியல் எந்தப் படிகளால் ஆனது என்று வரிவரியாகக் கேட்கத் தெரிந்தவர்கள் வேண்டும். டார்ட்மத் பாடம் முடிவெடுப்பவர்களுக்காக வகுக்கப்பட்டது. முடிவுகளுக்கு ஆளாகிறவர்களுக்கான தொடக்கநிலைப் பாடத்தை யாராவது எழுதியாக வேண்டும். அது தமிழிலும் எழுதப்பட வேண்டும்.