தரைவேகப் பந்தயத்தில் பிக்கப்

சரக்கு ஏற்றுவதற்காகப் பிறந்த பிக்கப் வண்டியை உச்ச வேகத்துக்காக மாற்றியமைத்து, நீண்ட சமவெளியில் ஓட்டி வேகத்தை அளக்கும் போட்டிப் பிரிவு. ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடும். குறித்த தூரத்தைக் கடக்க எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து வேகம் கணக்கிடப்படும். இதன் தாயகம் அமெரிக்கா. குறிப்பாக யூட்டா மாநிலத்தின் பான்னவில் உப்புவெளியும் கலிபோர்னியாவின் எல் மிராஜ் வறண்ட ஏரியும்.

ஃபோர்டு நிறுவனம் 1925இல் தன் மாடல் டி காரின் முதுகில் இரும்புத் தொட்டி பொருத்தி 281 டாலருக்கு விற்றது. தொழிற்சாலையிலிருந்தே முழு உருவத்தில் வெளிவந்த தொடக்ககால பிக்கப்புகளில் இது முக்கியமானது. 20 குதிரைத்திறன், மணிக்கு 70 கி.மீ. தொட்டால் பெரிது. அப்போதைய இளைஞர்கள் மலிவான பழைய ஃபோர்டுகளை வாங்கி, மட்கார்டுகளைக் கழற்றி, எஞ்சினைத் தட்டிக்கொட்டி, மொஹாவி பாலைவனத்து ஏரிப் படுகைகளில் விரட்டினார்கள். அவர்களை ஒழுங்குக்குள் கொண்டுவர 1937இல் தென் கலிபோர்னியா நேரக்கணிப்புச் சங்கம் தொடங்கப்பட்டது. 1949இல் அச்சங்கம் பான்னவில்லில் முதல் 'வேக வார'த்தை நடத்தியது.

சங்கத்தின் விதிநூல் வண்டிகளை உடலமைப்பாலும் எஞ்சின் கொள்ளளவாலும் பிரிக்கிறது. பிக்கப்புக்குள்ளேயே முழு அளவு, சிறிய அளவு, அதிகம் மாற்றாதது, மாற்றியது, டீசல் என உட்பிரிவுகள் உண்டு. சாதனை படைக்க ஒரு ஓட்டம் போதாது. பழைய வேகத்தை மிஞ்சிய வண்டி காவல் வளாகத்துக்குப் போகவேண்டும். அங்கே சில மணி நேரம் மட்டுமே அதில் கை வைக்கலாம். மறுநாள் காலை மீண்டும் ஓடி, இரண்டின் சராசரி பழையதை விஞ்சினால்தான் ஏட்டில் ஏறும். பன்னாட்டு மோட்டார் வாகனக் கூட்டமைப்பின் விதி இன்னும் கறார்: ஒரு மணி நேரத்துக்குள் எதிரெதிர்த் திசைகளில் இரண்டு ஓட்டம்.

பிக்கப்பின் முதல் எதிரி அதன் வடிவம்தான். காற்று கூரைமேல் வழிந்து, கேபினின் பின்சுவர் சட்டென முடியும் இடத்தில் அறுந்து, தொட்டிக்குள் சுழலும். பின்கதவைத் திறந்துபோட்டால் காற்று தடையில்லாமல் வெளியேறும் என்ற நம்பிக்கை ஓட்டுநர்களிடையே பரவலாக உண்டு. நடப்பது நேர்மாறு. கதவு மூடியிருந்தால் தொட்டிக்குள் ஒரு சுழல் நிலையாக நின்று, மேலே போகும் காற்றுக்கு மெத்தைபோல உதவுகிறது. திறந்தால் அந்தச் சுழல் குலைகிறது. தொட்டியைத் தட்டையாக மூடிவிடுவது இன்னும் நல்லது, அந்தந்தப் பிரிவுக்கு விதிநூல் அனுமதிக்கும் வரையில். காற்றுத் தடையை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் கனமடங்காக ஏறுகிறது. மணிக்கு 160 கி.மீ. போகும் வண்டி 320ஐத் தொட, காற்றுக்கு மட்டுமே எட்டு மடங்கு திறன் செலவிட வேண்டும். ஆகவே எஞ்சினைத் தொடுமுன் வண்டியைத் தரையோடு தாழ்த்துவார்கள், மூக்கின் அடியில் காற்றுத்தடுப்பு வைப்பார்கள், வைப்பரையும் கண்ணாடிகளையும் கழற்றுவார்கள், சக்கரங்களுக்கு வழவழப்பான அலுமினியத் தட்டு மாட்டுவார்கள், இடுக்குகளை ஒட்டுநாடாவால் அடைப்பார்கள். பின் அச்சின் கிரவுன்-பினியன் பற்சக்கர விகிதத்தையும் நெடுவேகத்துக்கு ஏற்றதாக மாற்றவேண்டும். இல்லையேல் எஞ்சின் முடிந்த அளவு சுற்றியும் வண்டி அதற்குமேல் வேகம் எடுக்காது.

இரண்டாவது எதிரி உப்பு. வெள்ளை வெளேரென்று தார்ச்சாலைபோலக் கெட்டியாகத் தெரிந்தாலும் உப்பின் பிடிப்பு குறைவு. வேகம் ஏற ஏற பின்சக்கரம் வழுக்கும். எஞ்சின் சுழற்சியை வைத்து ஓட்டுநர் போடும் கணக்கு ஒன்று சொல்லும், நேரச்சீட்டு அதைவிடக் குறைத்துச் சொல்லும். சுமை இல்லாத பிக்கப்பின் பின்பகுதி வேறு இலேசானது. எனவே பின் அச்சுக்கு மேல் ஈயமோ இரும்போ ஏற்றுகிறார்கள். மற்ற பந்தயங்களில் எடையைக் குறைக்கத் துடிப்பார்கள். இங்கே சரக்கு வண்டி கடைசியில் சரக்கு ஏற்றித்தான் வேகம் எடுக்கிறது. பாதை மைல் கணக்கில் நீள்வதால் மெதுவாக வேகம் பிடிப்பது பெரிய குறையும் அல்ல. பான்னவில் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,285 மீட்டர் உயரம். காற்று அடர்த்தி எட்டில் ஒரு பங்கு குறைவு. தடை குறையும், சாதாரண எஞ்சினின் மூச்சும் குறையும். டர்போ பொருத்தியவர்களுக்கு இது இலாபம்.

விரைவாகக் கிளம்புவதும் உச்ச வேகமும் வேறு வேறு என்பதற்கு 1991இன் ஜிஎம்சி சைக்லோன் நல்ல சான்று. 4.3 லிட்டர் டர்போ எஞ்சின், 280 குதிரைத்திறன், நான்கு சக்கர இயக்கம். ஒரு மோட்டார் பத்திரிகை நடத்திய கால் மைல் சோதனையில் அது ஒரு ஃபெராரியையே முந்தியது. ஆனால் அதன் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 200 கி.மீ.தான், ஓட்டம் நீண்டிருந்தால் ஃபெராரி கடந்து போயிருக்கும்.

இந்த வரலாற்றில் நின்று பார்க்கவேண்டிய வண்டி 2002இன் 'சைட்வைண்டர்'. கலிபோர்னியாவின் அசூசாவில் டர்போ வேலைக்குப் பெயர்பெற்ற கேல் பேங்க்ஸின் பட்டறை, நடுத்தர அளவு டாட்ஜ் டகோட்டா ஒன்றுக்குள் 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் எஞ்சினைத் திணித்தது. டாட்ஜ் கம்பெனி அந்த வண்டியில் அதைப் போட்டதே இல்லை. எஞ்சின் மட்டும் அரை டன். 735 குதிரைத்திறன், ஆறு கியர். பந்தய வண்டிகளை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோவது வழக்கம். இது தன் கருவிகளையும் உதிரிபாகங்களையும் சுமந்த டிரெய்லரைத் தானே இழுத்துக்கொண்டு, ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் சாலையில் ஓடி உப்புவெளிக்கு வந்தது. அங்கே டிரெய்லரைக் கழற்றிவிட்டு ஓடி, இரு திசைச் சராசரியாக மணிக்கு 217 மைல், அதாவது 349 கி.மீ. பதிவுசெய்தது. ஒற்றை ஓட்டத்தில் 222 மைலும் எட்டியது. இதைவிட வேகமான பிக்கப்புகள் இருக்கலாம். பிக்கப் என்ற பெயருக்கு இவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டவை குறைவு.

கடையில் வாங்கியபடியே ஓட்டும் வண்டிகளுக்கான போட்டி தனி. 2004இல் வைப்பர் காரின் 8.3 லிட்டர் எஞ்சின் கொண்ட டாட்ஜ் ராம் எஸ்ஆர்டி-10, மிச்சிகனில் நிறுவனத்தின் சோதனைத் தடத்தில் மணிக்கு 248.8 கி.மீ. எட்டி கின்னஸில் ஏறியது. 2006இல் ஆஸ்திரேலியாவின் எச்எஸ்வி மலூ, ஊமரா பாலைவனச் சாலையில் மணிக்கு 271.4 கி.மீ. வேகத்தில் ஓடி அதைப் பறித்தது. மலூ 'யூட்' வகை: முன்பாதி கார், பின்பாதி தொட்டி. 1930களில் ஒரு விவசாயியின் மனைவி, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தைத் தேவாலயத்துக்கும் திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கும் ஏற்றிச்செல்ல ஒரே வண்டி வேண்டும் என்று ஃபோர்டுக்கு எழுதியதாகவும், ஜிலாங்கில் லூ பேண்ட் அதற்கு உருவம் கொடுத்ததாகவும் அங்கே சொல்வார்கள். காரின் தாழ்வான மூக்கும் கூரையும் இருப்பதால் காற்றில் யூட்டுக்கு இயல்பாகவே சாதகம். யூட்டையும் பிக்கப்பையும் ஒரே பட்டியலில் வைத்தது சரியா என்று அமெரிக்க ரசிகர்கள் முணுமுணுத்தால் அதில் நியாயம் இருக்கிறது.

பின்னர் நிறுவனங்களின் நாட்டம் மாறியது. 702 குதிரைத்திறன் கொண்ட 2021 ராம் டிஆர்எக்ஸ், பழைய எஸ்ஆர்டி-10ஐவிட 200 குதிரைத்திறன் கூடுதல் உடையது. ஆனால் மணல்மேடு ஏறுவதற்கான தடித்த டயர்கள் தாங்காது என்பதால் மணிக்கு 190 கி.மீ.யில் கணினி அதைக் கட்டிப்போடுகிறது. உச்ச வேகம் இன்று மீண்டும் தனியார் பட்டறைகளின் கையில். அவர்களுக்குத் தளமான பான்னவில்லோ மெலிந்து வருகிறது. பொட்டாஷ் எடுப்பது ஒரு காரணமாகப் பேசப்படுகிறது. 2014, 2015, 2022 ஆண்டுகளில் நீரும் சேறும் வேக வாரத்தை நடக்கவிடவில்லை. நடக்கும் ஆண்டுகளில், ஓட்டம் முடிந்த வண்டியை உரிமையாளர்கள் நேரே தண்ணீர்க் குழாய்க்குக் கொண்டுபோகிறார்கள். சக்கர வளைவுகளில் காரையாக இறுகிய உப்பைக் கழுவாமல் விட்டால், தொட்டியின் அடித்தகடு துருப்பிடிக்கும்.