மக்தலாவுக்குப் போன மூட்டைகள்

அபிசீனியப் பேரரசர் தியோடர் சிறைவைத்த ஐரோப்பியரை மீட்க, 1868-இல் பம்பாயிலிருந்து ஜெனரல் நேப்பியரின் படை போயிற்று. இறங்கிய இடம் செங்கடற்கரையில் சூலா, வெறும் பாலை. கடல்நீரைக் காய்ச்சி வடித்துக் குடித்தார்கள். (தெர்மல் லேப் கண்டென்ஸர் ஞாபகம் வருகிறதா?) அதுவும் போதாமல், தாகத்திலும் நோயிலும் கோவேறு கழுதைகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. படிக்கும்போது எனக்கே தொண்டை வறண்டது. ஓட்டத் தெரிந்த ஆளும் போதவில்லை. இதைக்கூடவா யோசிக்கவில்லை!

மக்தலா கோட்டைக்குச் சுமார் 400 மைல், பெரும்பகுதி மலை. கப்பலில் கொண்டுவந்த யானைகள் மட்டும் 44. பீரங்கிகள் அவற்றின் முதுகில் ஏறின. ஏப்ரல் 13 அன்று கோட்டை வாசலில் போய் நின்றால், கதவைத் தகர்க்க வெடிமருந்து இல்லை, ஏணியும் இல்லை. மறந்துவிட்டு வந்தாச்சு! மறந்தவர்கள் வேறு யாருமல்ல, நம்மாட்கள்தான், எஞ்சினியர்கள். சிப்பாய்கள் சுவரேறிக் குதித்தார்கள். உள்ளே தியோடர், விக்டோரியா மகாராணி முன்பு பரிசனுப்பிய கைத்துப்பாக்கியால் தம்மைச் சுட்டுக்கொண்டார்.