கூடத்துக்கும் கைக்கும் ஒரே கருவி

வீட்டோடு இருப்பது ஒன்று, கையோடு வருவது வேறொன்று என்று பிரித்துப் புழங்குவது நம் குடும்பங்களில் நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். அண்டா அடுக்களைக்கு; கூஜா ரயில் பயணத்துக்கு. குத்துவிளக்கு பூஜை அறைக்கு. அரிக்கேன் லாந்தர் வயல் வரப்புக்கு. இரண்டு வேலைகளையும் ஒரே பொருள் செய்துவிடும் என்று ஒருவர் சொல்லிக்கொண்டு வந்தால், இரண்டில் எதையோ குறைத்துத்தான் கொடுக்கிறார் என்று நாம் ஐயுறுவோம். இதற்கு விலக்காக நினைவுக்கு வருவது பல்லாங்குழி. கல்லில் குழி வெட்டி ஓரிடத்திலேயே அமர்ந்து ஆடியதும் உண்டு. நடுவே கீல் வைத்த மரப்பலகையாக மடித்து, சோழிகளை உள்ளே போட்டு, ஊர்விட்டு ஊர் போகும்போது மூட்டையில் வைத்துக்கொண்டதும் உண்டு. இடம் மாறிற்று, ஆட்டம் மாறவில்லை.

மின்சாரத்தால் இயங்கும் விளையாட்டுக் கருவிகளுக்கு இந்த வசதி எளிதில் வாய்க்கவில்லை. ஜப்பானின் கியோட்டோ நகரில் 1889-ஆம் ஆண்டு மலர்ச்சீட்டுகள் தயாரிக்கும் சிறு தொழிலாகத் தொடங்கியது நின்டெண்டோ நிறுவனம். அது 2016-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் 'ஸ்விட்ச்' என்னும் கருவியைச் சில நிமிடங்களே ஓடும் ஒரு படத்தின் வாயிலாக உலகுக்கு அறிமுகப்படுத்தியது. வீட்டில் ஒரு தாங்கியில் செருகி வைத்தால் ஆட்டம் தொலைக்காட்சித் திரையில் தெரியும். தாங்கியிலிருந்து உருவி எடுத்தால் அதே ஆட்டம் விட்ட இடத்திலிருந்து கையடக்கத் திரையில் தொடரும். படத்தைப் பார்த்த ஆட்டக்காரர்கள் வியந்தனர்; உடனே ஐயங்களையும் அடுக்கினர்.

அந்த ஐயங்கள் வெறும் வம்பு அல்ல. 2017-ஆம் ஆண்டு ஜனவரியில் விவரங்கள் வெளிவந்தபோது அவற்றுள் பல உறுதியும் பெற்றன. பாட்டரி ஆட்டத்தைப் பொறுத்து இரண்டரை மணி முதல் ஆறு மணி வரை தாங்கும் என்றார்கள். பெரிய ஆட்டங்களுக்கு மூன்று மணி நேரமே. திரை 6.2 அங்குலம். உள் நினைவகம் 32 கிகாபைட். விலை 300 டாலர். அதே விலையில் வீட்டோடு வைத்து ஆடும் இன்னும் வலிய கருவிகள் கடையில் கிடைத்தன. கையடக்கக் கருவிதான் வேண்டுமென்றால் அதைவிட மலிவானவையும் கிடைத்தன. போதாக்குறைக்கு, அந்நிறுவனம் 2012-இல் வெளியிட்ட 'வீ யூ' என்ற முந்தைய கருவியின் நினைவு வேறு. அதன் கைப்பிடியிலும் ஒரு திரை இருந்தது. ஆனால் பெட்டியை விட்டுச் சற்றுத் தொலைவு போனால் திரை செயலற்றுவிடும். உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 35 லட்சம் மட்டுமே விற்று, அது மறைந்தது. ஒரு முறை ஏமாந்தவர் மறுமுறை கேள்வி கேட்பதை யார் குறை சொல்ல முடியும்?

இன்னும் பழைய சான்று ஒன்றும் இருந்தது. 1995-ஆம் ஆண்டு சேகா நிறுவனம் 'நோமாட்' என்னும் கருவியை அமெரிக்காவில் விற்றது. வீட்டுக் கருவிக்கான ஆட்டப் பேழைகளையே அதிலும் போடலாம்; தொலைக்காட்சியோடும் இணைக்கலாம். ஆறு பாட்டரிகளை அடைத்துக்கொண்டு கிளம்பினால் சில மணி நேரத்தில் அவை தீர்ந்துவிடும். நாடோடி என்று பொருள்படும் பெயரை வைத்துக்கொண்டு, மின்சுவரை விட்டு அதிக தூரம் போக முடியாமல் அது நின்றது.

பெங்களூரில் இருந்த ஆட்டக்காரர்களுக்கு வேறொரு கவலையும் சேர்ந்தது. ஸ்விட்ச் வெளியானபோது இந்தியாவில் அது முறைப்படி விற்பனைக்கு வரவில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விற்கும் வியாபாரிகளைத்தான் நாடவேண்டும். பழுதுபட்டால் உத்தரவாதச் சீட்டை யாரிடம் நீட்டுவது?

இதே பெங்களூரில், இதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், கையடக்கக் கருவி ஒன்று கிட்டத்தட்ட இதே கேள்விகளைச் சந்தித்தது என்பதுதான் நம்மை இதை எழுதத் தூண்டியது. அது விளையாட்டுக்காகப் பிறந்ததன்று. அதன் பெயர் சிம்ப்யூட்டர். 1998-ஆம் ஆண்டு இந்நகரில் நடந்த தகவல் தொழில்நுட்ப மாநாட்டையொட்டி, ஏழை நாடுகளின் மக்களுக்கு ஏற்ற கணிப்பொறி எது என்ற விவாதம் எழுந்தது. அதன் விளைவாக இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பேராசிரியர்கள் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும், என்கோர் மென்பொருள் நிறுவனத்தின் வினய் தேஷ்பாண்டே முதலியோரும் கூடி, இலாப நோக்கமற்ற ஓர் அறக்கட்டளையை நிறுவினர். எளிமை, மலிவு, பன்மொழி என்னும் மூன்று கருத்துகளின் ஆங்கில முதலெழுத்துகளைக் கணிப்பொறியின் ஆங்கிலப் பெயரோடு ஒட்டிப் பெயர் வைத்தனர். 2001-ஆம் ஆண்டு ஏப்ரலில் முன்மாதிரி வெளிவந்தது.

உள்ளங்கையில் அடங்கும் அப்பெட்டி லினக்ஸ் மென்பொருளில் இயங்கியது. தொடுதிரை உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குத் திரையில் உள்ளதை உரக்கச் சொல்வதற்காக, 'த்வனி' என்னும் மென்பொருளை ரமேஷ் ஹரிஹரன் உருவாக்கினார். இந்திய மொழிகளின் எழுத்தை ஒலியாக மாற்றுவது அதன் பணி. எல்லாவற்றையும்விட நம்மைக் கவர்ந்தது அதிலிருந்த அட்டைத் துளை. கருவி ஊருக்கு ஒன்று. அட்டை ஆளுக்கு ஒன்று. பஞ்சாயத்துக் கட்டடத்திலோ பள்ளியிலோ இருக்கும் கருவியில் உழவர் தம் அட்டையைச் செருகினால், அந்த நேரத்துக்கு அது அவருடைய கணிப்பொறி. ஒரே பொருள் பொதுவுடைமையாகவும் தனியுடைமையாகவும் இருக்க முடியும் என்னும் இந்த எண்ணம், தாங்கியில் வைத்தால் வீட்டுக் கருவி, எடுத்தால் கைக்கருவி என்பதைவிட ஆழமான இரட்டைத்தன்மை என்றே நாம் கருதுகிறோம்.

உலகம் பாராட்டியது. அமெரிக்க எழுத்தாளர் புரூஸ் ஸ்டெர்லிங், 2001-ஆம் ஆண்டின் கணிப்பொறிப் புதுமைகளில் இதையே முதன்மையானதாக நியூயார்க் டைம்ஸ் வார இதழில் குறிப்பிட்டார். ஆனால் கடையில் வாங்கவேண்டியவர்கள் பாராட்டவில்லை, கேள்வி கேட்டார்கள். ஒரு லட்சம் கருவிகள் செய்தால் விலை 9,000 ரூபாய் என்பது கணக்கு. 9,000 ரூபாய் என்று கடையில் வைத்தால்தானே லட்சம் பேர் வாங்குவார்கள்? லட்சம் பேர் வாங்கினால்தானே 9,000 ரூபாய்க்குச் செய்ய முடியும்? 'கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும்' என்ற பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. நகரத்தார், இந்தச் சிறு திரையில் என்ன வேலை செய்வது என்றனர். கிராமத்தைப் பற்றிப் பேசியவர்கள், குடிநீர் இல்லாத ஊருக்குக் கணிப்பொறி எதற்கு என்றனர். இந்தக் கடைசிக் கேள்வி நியாயம்போல் தோன்றும் அளவுக்கு நியாயமானது அன்று. குடிநீர் வேண்டும் என்று மனு எழுதுவதற்கும் பட்டா நகல் எடுப்பதற்கும் ஏழைதான் அதிகம் அலைகிறார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2004-இல், 'அமிடா' என்னும் பெயரில் கருவி சந்தைக்கு வந்தது. பேராசிரியர்கள் தொடங்கிய பிகோபீட்டா நிறுவனம் வடிவமைத்தது. செய்து கொடுத்தது ஜாலஹள்ளியின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ். 1954-இல் நிறுவப்பட்டு, 1964-இல் அகில இந்திய வானொலிக்கு ஒலிபரப்பிகள் செய்து கொடுத்த அதே தொழிற்சாலைதான். அங்கே பணிபுரிந்து ஓய்வு பெற்ற தமிழ்க் குடும்பங்கள் இந்நகரில் ஏராளம். அமிடாவைச் சாய்த்தால் அந்தச் சாய்வை உணர்ந்து பக்கம் புரளும் வசதி இருந்தது. இன்று எல்லாக் கைப்பேசிகளிலும் இருக்கும் இவ்வசதி அன்று அரிது. நின்டெண்டோவே 2000-இல் ஓர் ஆட்டப் பேழையில் இதை வைத்துப் பார்த்து, 2006-இல் 'வீ' கருவியின் கைப்பிடியில் வைத்த பிறகுதான் உலகம் அதைக் கொண்டாடியது.

விலை ஏறத்தாழ 10,000 ரூபாயில் தொடங்கி, வண்ணத்திரை வகைக்கு 20,000 வரை போயிற்று. இதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. 2003-ஆம் ஆண்டு ரிலையன்ஸ் நிறுவனம் 501 ரூபாய் முன்பணத்துக்குக் கைப்பேசியைக் கொடுக்கத் தொடங்கியிருந்தது. பேசுவதற்கு ஒன்று கைக்கு வந்தபின், படித்துச் சொல்லும் பெட்டிக்கு யார் பத்தாயிரம் கொடுப்பார்? சிம்ப்யூட்டர் விற்பனை சில ஆயிரங்களில் நின்றது. கர்நாடக அரசு நில ஆவணப் பணியில் பயன்படுத்தியது. சத்தீஸ்கரில் கல்விக்கும், மைசூரின் சங்கமித்ரா அமைப்பில் சிறுகடன் கணக்குக்கும், கோவாவில் இரும்புத்தாதுப் போக்குவரத்தைக் குறித்துக்கொள்ளவும் பயன்பட்டது. போன இடத்தில் எல்லாம் வேலை செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். போன இடங்கள்தான் குறைவு.

என்கோர் நிறுவனம் மனம் தளரவில்லை. 2005-ஆம் ஆண்டு, விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தின் உதவியோடு 'மொபிலிஸ்' என்ற கருவியை வெளியிட்டது. இது உள்ளபடியே வீட்டுக்கும் வெளிக்குமான கருவி: மேசையில் வைத்தால் மேசைக் கணிப்பொறி, எடுத்தால் கைக்கணிப்பொறி, விலை 15,000 ரூபாய் அளவில். 'ஸாஃப்காம்ப்' என்று வீட்டோடு இருக்கும் மலிவான உடன்பிறப்பும் உண்டு. இதைக் கண்டும் அதே கேள்விகள் எழுந்தன, இதுவும் பரவவில்லை.

ஐயுற்றவர்கள் சொன்னதே சரியாயிற்று என்று இதைக் கொண்டு முடிவு கட்டிவிடலாமா? நாம் அப்படி நினைக்கவில்லை. இரட்டைப் பயன் கொண்ட கருவிக்கு எப்போதும் இரண்டு எதிரிகள்: வீட்டில் அதைவிடச் சிறந்தது ஒன்று, வெளியில் அதைவிட மலிவானது ஒன்று. 1954-இல் அமெரிக்காவில் முதல் டிரான்சிஸ்டர் வானொலி வந்தபோதும் இதுவே நிலை. கூடத்து வால்வு வானொலியின் கம்பீரமான ஒலி எங்கே, சட்டைப் பையிலிருந்து கீச்சிடும் இந்தத் தகரக் குரல் எங்கே? கேட்டவர் காது சரியாகவே சொன்னது. ஆயினும் பெற்றோர் காதுக்கு எட்டாத இடத்தில் தமக்குப் பிடித்த பாட்டைக் கேட்கலாம் என்பதற்காக இளைஞர்கள் அந்தக் கீச்சுக்குரலைப் பொறுத்துக்கொண்டார்கள். குறை இருக்கிறதா என்பதல்ல கேள்வி. அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளும்படி அதில் என்ன கிடைக்கிறது என்பதே.

ஸ்விட்ச் பிழைத்ததும் அதனால்தான். 2017-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள் அது கடைக்கு வந்தபோது 'செல்டா' வரிசையின் புதிய ஆட்டமும் உடன் வந்தது. ஆட்டத்துக்காகக் கருவியை வாங்கினார்கள். பாட்டரியைச் சபித்துக்கொண்டே ஆடினார்கள். சிம்ப்யூட்டருக்கு அப்படி ஒன்று அமையவில்லை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இங்குதான் நெஞ்சு உறுத்துகிறது. த்வனிக்குக் குரல் இருந்தது. அந்தக் குரலால் படிக்கத்தக்கதாகக் கன்னடத்திலும் தமிழிலும் போதிய எழுத்து கணிப்பொறிக்குள் இல்லை. விதை விலை, மருந்துச் சீட்டு, ரேஷன் விதி, நீதிமன்ற அழைப்பு ஆகிய எவையும் இந்திய மொழிகளில் அன்று கணிப்பொறியில் முறையாக ஏறியிருக்கவில்லை. தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் கட்டட வேலைக்கு இந்நகருக்கு வந்து, கன்னடம் பேசக் கற்றும் படிக்கக் கல்லாத நம்மவர் எத்தனை பேர்! மருத்துவமனைச் சுவரில் ஒட்டிய அறிவிப்பை அவர்களுக்குப் படித்துச் சொல்ல ஒரு பெட்டி 2004-இலேயே இருந்திருக்கலாம். பெட்டி இருந்தது, படிக்க வேண்டியதை அதற்குள் இட ஆள் இல்லை. அந்த வேலையைச் செய்ய வேண்டியவர்கள் பொறியாளர்கள் அல்லர்.

ஸ்விட்ச் 2025-க்குள் 15 கோடிக்கும் மேல் விற்றது. இருந்தும் ஐயுற்றவர்களை அந்நிறுவனம் அடியோடு மறுத்துவிடவில்லை. 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில், தொலைக்காட்சியோடு இணையாத, கையில் வைத்து மட்டுமே ஆடக்கூடிய மலிவு வகை ஒன்றையும் விற்கத் தொடங்கியது. இரண்டும் வேண்டாம், ஒன்று போதும் என்றவர்கள் அதை வாங்கினார்கள். 2025-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் இரண்டாம் ஸ்விட்ச் வந்தது. திரை 7.9 அங்குலமாகப் பெரிதாயிற்று, வலிமையும் கூடிற்று, விலை 450 டாலர் ஆயிற்று. பாட்டரி தாங்கும் நேரம், குறைந்த அளவாக, இரண்டு மணி.